திருமலையில் தொடங்கும் பாடம்



இந்த அறக்கட்டளைப் பொழிவுக்குத் தலைப்புக் கேட்டார்கள். ‘இஸ்லாமும் முஸ்லிம் சமூகங்களும்: பல்கலைக்கழகத்தில் ஒரு துணைப்பாடமாக’ என்று எழுதிக் கொடுத்தேன். திருப்பதியில் போய் இந்தத் தலைப்பா என்று நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். திருப்பதி என்பதால்தான் இந்தத் தலைப்பு. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

துணைப்பாடம் என்பது எவ்வளவு சின்ன இடம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் மைனர் எனப்படும் துணைப்பாடத்துக்கு 24. நான்காண்டு ஹானர்ஸ் என்றால் 160இல் 32. ஆந்திராவில் 2023-24இல் ஒரே மேஜர், கூடவே ஒரு மைனர் என்ற முறை நடப்புக்கு வந்தது. மைனர் என்றால் நம் பக்கத்தில் சில்க் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும்தான் நினைவுக்கு வரும். இந்த மைனருக்கு அவ்வளவு வசதி கிடையாது. நாலு கிரெடிட் தாளாகப் பிரித்தால் ஆறே தாள். பி.காம். படிக்கிற பிள்ளையும், தெலுங்கு இலக்கியம் படிக்கிற பிள்ளையும், தாவரவியல் படிக்கிற பிள்ளையும் தங்கள் மேஜருக்குப் போக மிச்சமுள்ள நேரத்தில் படிக்க வேண்டியது.

இந்த ஆறு தாளை வழக்கமாக எப்படி நிரப்புவார்கள் என்பது நமக்குத் தெரியும். அரேபியப் பாலையில் ஏழாம் நூற்றாண்டில் தொடங்குவார்கள். ஐந்து கடமைகள், நான்கு கலீஃபாக்கள், டமாஸ்கஸ், பாக்தாத், பிறகு டில்லி சுல்தான்கள், முகலாயர். மூன்றாண்டு முடியும்போது மாணவர் ஆக்ராவுக்குத் தெற்கே வந்திருக்க மாட்டார். தன் தெருமுனை தர்கா எப்போது, யாரால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதல் தாளைத் திருமலைக் கோயிலுக்குள் தொடங்குங்கள்.

மகாத்துவாரத்தைத் தாண்டியதும் வலப்புறம் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரையும், இரு பக்கமும் நிற்கும் திருமலாதேவி, சின்னாதேவியையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரிசை தள்ளிக்கொண்டு போவதால் பார்த்தும் பாராமலும் போயிருப்பீர்கள். அடுத்த முறை ஒரு நிமிடம் நின்று அவர் தலையைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே துணி இல்லை. கோயிலுக்கு வந்த பக்தனின் கோலம். ஆனால் தலையில் கூம்பு போன்ற உயர்ந்த குல்லாய். சாமி முன்னால் சட்டையைக் கழற்றிய அரசர் தொப்பியைக் கழற்றவில்லை. ஃபிலிப் வாகனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தக் குல்லாயைத்தான் பிடித்துக்கொண்டார். விஜயநகர அரசவையில் அணியப்பட்ட குல்லாயும் நீண்ட அங்கியும் பாரசீக, அரபு உலகத்து அரசவைகளின் உடை. அன்றைக்கு மத்திய ஆசியா முதல் தக்காணம் வரை அரசன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஒரு நடைமுறை இருந்தது. ராயர்களும் அந்தப் பெரிய உலகத்தின் அரசர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டார்கள். பதினான்காம் நூற்றாண்டிலேயே ‘ஹிந்துராய சுரத்ராண’ என்று பட்டம் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அதாவது, இந்து அரசர்களுள் சுல்தான். அவர்கள் சமயம் மாறவில்லை. வைணவத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். மாறியது நாகரிகம்.

சமயம் வேறு, அச்சமயத்தார் ஆட்சி செய்த நாடுகளில் பிறந்து எல்லாச் சமயத்தாரும் எடுத்துக்கொண்ட நாகரிகம் வேறு என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. சிகாகோவில் கற்பித்த மார்ஷல் ஹாட்ஜ்சன், அவர் மறைந்தபின் 1974இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘தி வென்ச்சர் ஆஃப் இஸ்லாம்’ நூலில் இதைத்தான் வற்புறுத்தினார். அந்த மூன்று தொகுதியை ஒரு பி.காம். மாணவி படிக்கப்போவதில்லை. ராயர் சிலையை அவள் சிறுபிள்ளை முதலே பார்த்திருக்கிறாள். சந்தேகம் இருந்தால் அப்படியே கீழே இறங்கி சந்திரகிரிக்குப் போகச் சொல்லுங்கள். அங்குள்ள விஜயநகர ராஜமகாலின் கூர்முனை வளைவுகளைப் பார்த்து “இது நவாப் கட்டியது” என்று அடித்துச் சொல்கிற மாணவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. வளைவுக்கு மேலே கோபுரம் போல எழும் கூரையைக் காட்டினால்தான் குழம்புவார்கள். குழம்பினால் நல்லது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இனிப்பான கதையாக முடிந்துவிடும். மதநல்லிணக்கக் கண்காட்சி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதே கோயிலில் ரங்க மண்டபம் இருக்கிறது. 1323இல் டில்லிப் படை திருவரங்கத்துக்குள் நுழைந்தபோது அங்கத்து உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஆசாரியர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கடைசியில் அவர் அடைக்கலமாக இருந்தது திருமலையில். விஜயநகரத் தளபதி கோபண்ணர் அவரை மீட்டு, செஞ்சி வழியாக அழைத்துச் சென்று 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். திருவரங்கக் கோயில் வரலாறான கோயிலொழுகு சொல்லும் இந்தக் கதையில் வலி இருக்கிறது. அதை மழுப்புவது மாணவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அதே திருவரங்கத்தில்தான் துலுக்க நாச்சியார் சன்னதியும் இருக்கிறது. சுல்தானின் மகள் அரங்கன்மீது காதல்கொண்டு வந்தாள் என்பது மரபு. அவளுக்காக அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யப்படுகிறது; கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு. தெலுங்கு நாட்டில் அவள் பீபீ நாஞ்சாரி, வேங்கடேசனின் மனைவி. தேவுனி கடப்பா கோயிலுக்கு யுகாதியன்று முஸ்லிம் குடும்பங்கள் தேங்காய் பழத்தோடு வருவது தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்ற உரிமையில்தான்.

படையெடுப்பு வரலாறு, நாச்சியார் கதை. ஒன்று நடந்தது, மற்றது சொல்லப்பட்டது என்று பிரித்துவிடலாம். ஆனால் சொன்னவர்கள் யார்? படையெடுப்பில் அடிபட்ட அதே வைணவச் சமூகம். அடித்தவன் வீட்டுப் பெண்ணைத் தங்கள் தெய்வத்துக்கு நாச்சியாராக்கிக்கொள்ள அவர்களை எது தூண்டியது? வெற்றி மனப்பான்மையா, சமாதானமா, காயத்துக்குப் போட்ட மருந்தா? ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பேசலாம். வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு பாதி மட்டும்தான் வரும். இரண்டு பாதியையும் ஒரே மேசையில் வைக்கும் இடம் என்று ஒன்று இருந்தால் அது வகுப்பறைதான்.

நவாப் காலத்துக்கு வருவோம். 1646இல் சந்திரகிரி கோல்கொண்டாவிடம் போனது. அடுத்த நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப்கள். சாதத்துல்லா கானிடம் தளபதியாக இருந்த லாலா தோடர்மால் குடும்பத்தின் சிலைகள் திருமலைக் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. உடையார்பாளையத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதரை 1710இல் திரும்பக் கொண்டுவந்தவர் இவரே. நவாபின் தளபதி வைணவக் கோயிலின் திருப்பணிக்காரர். கையோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும்: திருமலைப் பக்தர்கள் செலுத்திய காணிக்கையில் நவாபுக்குப் பங்கு போனது, குத்தகைக்காரர்கள் வசூலித்தார்கள், போர்ச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு ஈடாக அந்த வருமானத்தை நவாப் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். 1758இல் நவாபின் சகோதரர் அப்துல் வஹாப் கான் சந்திரகிரிக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு திருப்பதிக்குத் தானே காவலன் என்றார். காவலுக்குக் கூலி உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1782இல் கோட்டை ஹைதர் அலியிடம் போனது.

இன்று மாங்காய் மண்டிக்குப் பேர்போன தாமலச்செருவுக் கணவாயில்தான் 1740 மே மாதம் மராத்தியர் கையில் நவாப் தோஸ்த் அலி கான் விழுந்தார். சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் 1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்தார். திப்பு மலபாரிலிருந்து வந்து சேரும்வரை படைக்கே தெரியாமல் சாவு மறைக்கப்பட்டது. அந்த ரகசியத்தைக் காத்தவர்களில் ஒருவர் பூர்ணய்யா என்ற மாத்வ பிராமணர். நம் பழைய சித்தூர் மாவட்டத்துச் சாலைகளில் பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் கும்பினிக்குப் போனதும் சித்தூர் கலெக்டர் ஸ்ட்ராட்டன் கோயிலின் பூஜை, செலவு, நிலம் எல்லாவற்றுக்கும் கணக்கெடுத்து 1803இல் அறிக்கை அனுப்பினார். அடுத்து வந்த ஆவணம் ‘சவால்-இ-ஜவாப் பட்டி’. பெயரே சொல்லிவிடும், கேள்வியும் பதிலுமாக எழுதிய கோயில் வழக்கங்கள். 1821இல் புரூஸ் விதிகள். ஆகம வழிபாடு, நவாப் காலக் கணக்கு முறை, ஆங்கிலேயச் சட்ட மூளை என்று மூன்றும் ஒரே கட்டுக் காகிதத்தில் இருக்கின்றன. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் திருமலை நிர்வாகத்தின் பழைய கதை பாதிதான் புரியும். வரலாறு மேஜர் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த மைனரைக் கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

மூல நூல் எங்கே என்று கேட்பீர்கள். நம் முன்னோர் ஒருவர் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறையை நடத்திய முகம்மது ஹுசைன் நயினார், ‘துஸக்-இ-வாலாஜாஹி’ முதலான நவாப் காலப் பாரசீக வரலாறுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முதல் பகுதி 1934இல் வந்தது. சாதத்துல்லா கானைப் பற்றிய ‘சயீத் நாமா’ என்ற வரலாறும் உண்டு. அதைப் பாரசீகத்தில் எழுதியவர் ஜஸ்வந்த் ராய், ஓர் இந்து. நவாபின் வரலாற்றை இந்து ஒருவர் எழுதினார்; நவாப் கால வரலாறுகளைத் தமிழ் முஸ்லிம் ஒருவர் மொழிபெயர்த்தார், சென்னைப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. நம் நூலகங்களில் நயினாரின் தொகுதிகளை யாராவது கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

இவ்வளவு நேரம் அரசர்களோடு இருந்துவிட்டோம். முஸ்லிம் சமூகங்கள் என்று பன்மையில் சொன்னேன். சித்தூர்க் கடைத்தெருவில் வீட்டுக்குள் தக்கினி உருது பேசி, வியாபாரத்தில் தெலுங்கு பேசி, வேலூர்ச் சரக்குக்காரரிடம் தமிழ் பேசும் முஸ்லிம் இருக்கிறார். திப்புவின் தாய்மாமன் மீர் அலி ரசா கான் ஆண்ட குர்ரம்கொண்டா, மதனப்பள்ளிப் பக்கம் போனால் பஞ்சு அடிக்கும் தொழிலை மரபாகக் கொண்ட தூதேகுலர்கள். தாய்மொழி தெலுங்கு, பெயர்கள் மஸ்தானம்மா, உசேனம்மா, குள்ளாயப்பா. ஆந்திர அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர்கள் பி.சி.-பி. 2007 சட்டத்தின்படி நான்கு சதவீத இடஒதுக்கீடு பெற்ற மற்ற பதினான்கு பிரிவினர் பி.சி.-இ. சையது, பட்டாணி, முகல் போன்றோர் பட்டியலுக்கு வெளியே. உயர்நீதிமன்றம் 2010இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும், உச்சநீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் ஒதுக்கீடு தொடர்வதும் தனிக்கதை. முஸ்லிம் என்றால் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று நினைக்கிற மாணவருக்கு இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கக் கொடுத்தால் போதும்.

முஹர்ரம் மாதத்தில் ராயலசீமை கிராமங்களில் நடக்கும் பீர்ல பண்டுகையைப் பார்த்திருக்கிறீர்களா? பீர்கள் எனப்படும் உலோகச் சின்னங்களுக்குப் பட்டுத்துணி சுற்றி, மல்லிகை சார்த்தி, சர்க்கரை வைத்துப் படைத்து, குழியில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி ஊரே ஆடும். தூக்குபவர்களிலும் வேண்டிக்கொள்பவர்களிலும் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிமே இல்லாத கிராமங்களிலும் இது நடப்பதுண்டு. அனந்தபூர் மாவட்டம் கூகூடில் குள்ளாயப்பசாமிக்கு நடக்கும் விழாவை வைத்து அஃப்சர் முகம்மது எழுதிய நூல் 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்து அல்லாசாமி பண்டிகை தெரிந்த தமிழர்களுக்கு இதில் புதுமை இருக்காது. இது இஸ்லாமே இல்லை என்று சொல்லும் முஸ்லிம்களும் இன்று அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். அந்த வாக்குவாதத்தையும் சேர்த்துத்தான் மாணவர் எழுதிக்கொண்டு வரவேண்டும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்வி. “இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் சுற்றி வரும். கடப்பா, ராயச்சோட்டி, சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பல்லாண்டுகளாகக் குவைத்துக்கு ஆள் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்கள் டிரைவர், பெண்கள் கத்தாமா, அதாவது வீட்டுப் பணிப்பெண். வீட்டு வேலைக்கு இருபதாம் நம்பர் விசா, கம்பெனிக்குப் பதினெட்டாம் நம்பர் என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும். அக்காமா என்ற வசிப்பு அனுமதி யார் கையில், கபீல் எனப்படும் பொறுப்பாளர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் எங்கே போய் நிற்பது, 2015இல் வந்த வீட்டுப்பணியாளர் சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை: இவையெல்லாம் ஒரு முஸ்லிம் சமூகத்தைப் பற்றிய அறிவுதான். ஓர் அரபுக் குடும்பத்தின் அடுக்களையைப் பத்து வருடம் உள்ளிருந்து பார்த்த பெண்ணுக்குத் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. இப்படிப் போனவர்களில் இந்துப் பெண்கள், தலித் பெண்கள் பலர். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது ஒரு முழுத் தாளாக இருக்கவேண்டும். ஏஜென்ட்டிடம் ஏமாறாமல் ஒரு குடும்பம் தப்பினால் அந்தத் தாளுக்கு அதைவிடப் பெரிய வேலைவாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

“பிள்ளை மதம் மாறிவிடுமா?” என்பது தாழ்ந்த குரலில் வரும் இரண்டாவது கேள்வி. மதத்தைக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன: வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், ஆம்பூருக்கு அருகே 1924 முதல் உமராபாத் தாருஸ்ஸலாம். அங்கே படிப்பது மார்க்கம். பல்கலைக்கழகம் படிப்பது அந்த மார்க்கத்தைக் கொண்ட மனிதர்களை. இரண்டையும் ஒன்றாக்கவும் கூடாது, ஒன்றுக்கொன்று பேசாமல் இருக்கவும் கூடாது. லாகூரில் ஆசிரியராக இருந்துவிட்டுப் போன வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் 1952இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது, ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார். ஒரு சமூகத்தைப் பற்றி அந்தச் சமூகத்தார் எதிரில் இருக்கும்போது பேசும் பேச்சுக்கும், இல்லாதபோது பேசும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர். நம் வகுப்பிலும் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். முஸ்லிம் மாணவர்கள் மட்டும் சேரும் மைனராக இது போய்விட்டால் தோற்றுவிட்டது என்று அர்த்தம். குர்ஆன், ஹதீஸ், சட்டப் பள்ளிகள் என்ற அடிப்படைத் தாள் ஒன்று தேவைதான். அதை மூன்றாவது தாளாக வையுங்கள். அதற்குள் மாணவரிடம் சொந்தமாகக் கேள்விகள் இருக்கும்.

தமிழ்த்துறைக்கு ஒரு வார்த்தை. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் ஆயிரமசலா பாடி மதுரையில் அரங்கேற்றினார். அதே கேள்வி-பதில் நூல் மலாயிலும் சாவக மொழியிலும் உலவியதை ரோனித் ரிச்சி 2011இல் ஒரு நூலாகவே ஆராய்ந்தார். இலங்கையில் விபுலானந்த அடிகளிடம் தமிழ் படித்த ம. மு. உவைஸ் பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகி, அஜ்மல்கானோடு சேர்ந்து அதன் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்தார். திருப்பதியிலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறைகள் இருக்கின்றன. ஒரு தாளை அவர்கள் நாளைக்கே எடுத்து நடத்தலாம். தெலுங்குத்துறை பீர்ல பண்டுகைப் பாடல்களை எடுத்துக்கொள்ளட்டும். சட்டத்துறைக்கு வக்ஃபு இருக்கிறது. 2025 திருத்தமும் அதன்மீது உச்சநீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் சூடாகவே இருக்கின்றன. பழைய இனாம் பதிவேடுகளில் கோயில் மானியமும் மசூதி மானியமும் காஜி மானியமும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன.

ஆக, புதிதாகக் கட்டடம் வேண்டாம். ஒரே ஓர் ஆள் வேண்டும்: பாரசீகமும் தக்கினியும் கையெழுத்தில் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர் என்பதால் நம் பழைய காகிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே மாணவரை அழைத்துப் போய் மராத்தி மோடி எழுத்தையும் பாரசீகக் கணக்கையும் பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டுமே. கர்நூலில் அப்துல் ஹக் உருதுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் இரண்டாண்டுக்கு அங்கிருந்து கடனாகக் கேட்கலாம். நயினார் பெயர்த்த தொகுதிகளை மறுபதிப்புச் செய்யச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். இரண்டு கடிதங்களையும் தமிழ்த்துறையின் பெயரில் அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும் என்பது என் விண்ணப்பம்.